பேராக் மண்ணில் கிடந்த பொன்னும் வெண்கலமும்

ஐரோப்பாவின் தென்கிழக்கே உள்ள பல்கேரியா நாட்டில் பனாகியூரிஷ்டே என்று ஒரு சிற்றூர். 1949ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அங்கே ஓட்டுத் தொழிற்சாலைக்காகக் களிமண் வெட்டிக்கொண்டிருந்த மூன்று சகோதரர்களின் மண்வெட்டியில் மஞ்சளாக ஏதோ தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட வந்தவை ஒன்பது பொற்கலங்கள். மான்தலை, ஆட்டுத்தலை வடிவில் வார்த்த மதுக் கிண்ணங்கள். மொத்தம் ஆறு கிலோவுக்கும் அதிகமான தங்கம்! இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதியில் வாழ்ந்த திரேசியர் என்ற மக்களின் செல்வம் அது.

திரேசியரைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கூறும் ஒரு செய்தி நமக்குச் சுவையாக இருக்கும். உலகில் இந்தியருக்கு அடுத்தபடியாக மிகப் பெருந்தொகையான மக்கள் திரேசியரே என்கிறார் அவர். அத்தனை பெரிய இனம் தன்னைப் பற்றி ஒரு நூலையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அயலாராகிய கிரேக்கர் எழுதி வைத்தவையும், மண்மேடுகளுக்குள் அவர்களோடு புதைக்கப்பட்ட பொருள்களும்தாம். 1912இல் எசெரோவோ என்ற ஊரில் ஒரு பொன்மோதிரம் கிடைத்தது. அதில் கிரேக்க எழுத்தில், திரேசிய மொழியில் 61 எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓசை தெரிகிறது, பொருள் மட்டும் இன்றளவும் உறுதியாக விளங்கவில்லை.

பனாகியூரிஷ்டேயில் கிடைத்த கலங்களிலும் எழுத்து உண்டு. அது மிகச் சாதாரணமான எழுத்து: கலத்தின் எடை இவ்வளவு என்ற குறிப்பு. ஆனால் அந்த எடைக் கணக்கு திரேசியருடையதன்று. கடலுக்கு அப்பால் சிற்றாசியாவில் இருந்த லாம்ப்சாக்கஸ் நகரத்து வழக்கு. ஆகவே கலங்களைச் செய்தவன் ஓரிடத்தான், அவற்றில் மது அருந்தியவன் வேறிடத்தான் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது, யார் கையில் இருந்தது, எந்த மண்ணில் கிடந்தது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாம் நம் பேராக் மாநிலத்திற்கு வருவோம். இங்கும் மண்ணுக்குள் பொன் கிடந்தது; அதைவிட மிகுதியாக வெண்கலம் கிடந்தது.

தைப்பிங்கை அடுத்த மாத்தாங் கடற்கரையில் பரந்து கிடக்கும் சதுப்புநிலக் காட்டை நம்மில் பலர் கரிக்கட்டைச் சூளைகளால் அறிவோம். அக்காட்டின் சேற்றில், கோல செலின்சிங் என்னுமிடத்தில், ஒரு பழங்குடியிருப்பு புதையுண்டு கிடந்தது. தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகம் 1883இல் நிறுவப்பட்டது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் அதுவே. அதனோடு தொடர்புடைய எவான்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அங்கே அகழ்ந்து பார்த்தார். சிப்பி ஓடுகள், பானை ஓடுகள், படகு போன்ற மரப்பெட்டிகளில் கிடத்திப் புதைக்கப்பட்ட மனித எலும்புகள், இவற்றுக்கிடையே எண்ணற்ற மணிகள். சேற்றின் மேல் கால்கள் நட்டு வீடு கட்டி, அலையேறி வந்து இறங்கும் இடத்திலேயே அம்மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1980களில் பேராசிரியர் நிக் ஹசான் சுஹைமி மீண்டும் அங்கே அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ கி.மு. 200 தொடங்கி கி.பி. 1000 வரை, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, அங்கே மக்கள் இருந்தனர் என்று அதன்பின் கணிக்கப்பட்டது.

இச்செலின்சிங்கில்தான் நாம் தேடும் பொன்னும் அகப்பட்டது. கருடன்மேல் அமர்ந்த திருமாலின் உருவம் கொண்ட சிறு பொன்னணி அது. எடையில் திரேசியர் தங்கத்தின் முன் நிற்கத் தகுந்ததன்று. ஆயினும், அலை புரளும் சேற்று நிலத்தில் மீனும் சிப்பியும் உண்டு வாழ்ந்த ஒரு குடியிருப்பில் திருமால் எப்படி வந்து சேர்ந்தார் என்று எண்ணிப் பார்க்க வைக்கிறது. அதே இடத்தில், சாய்ந்துவிட்ட ஒரு மரத்தின் வேர் விட்ட குழியிலிருந்து சூதுபவளக் கல்லில் செதுக்கிய முத்திரை ஒன்றும் கிடைத்தது. அதில் உள்ள வடமொழி எழுத்துகள் ‘ஸ்ரீ விஷ்ணுவர்மனுடையது’ என்று பொருள்படுவன. எழுத்தின் அமைப்பைக் கொண்டு அது 5ஆம் நூற்றாண்டினது என்று சிலரும், சற்றுப் பிந்தியது என்று சிலரும் கூறுவர்.

எசெரோவோ மோதிரத்தில் மொழி தெரியவில்லை. செலின்சிங் முத்திரையில் மொழியும் தெரிகிறது, பெயரும் தெரிகிறது. ஆள் யாரென்றுதான் தெரியவில்லை! ‘வர்மன்’ என்றவுடன் நமக்குக் காஞ்சிப் பல்லவர் நினைவு வருவது இயல்பு. ஆனால் கம்போஜத்து மன்னரும் சம்பா நாட்டு மன்னரும் அதே பட்டத்தைச் சூடினர். முத்திரையோ சட்டைப்பைக்குள் அடங்கும் பொருள். வணிகன் ஒருவன் கப்பலில் கொண்டு வந்திருக்கலாம். அதை வைத்துப் பேராக்கில் ஒரு பல்லவ அரசைக் கட்டி எழுப்புவது நியாயமன்று.

நம் கருத்தில் முத்திரையைவிட உறுதியான சாட்சி அந்த மணிகளே. செலின்சிங் மக்கள் மணிகளை வாங்கி அணிந்ததோடு நிற்கவில்லை, தாமே செய்தும் இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பட்ட சிறு கண்ணாடி மணிகளைப் போன்றவை தென்கிழக்காசியக் கரைகள் பலவற்றில் கிடைக்கின்றன. அரசன் பெயர் மறைந்துபோனாலும், கண்ணாடியை இழுத்துத் துண்டாக்கி மணி செய்யும் கைத்தொழில் கடல் கடந்து கை மாறியது மறையவில்லை.

இனிக் கிந்தாப் பள்ளத்தாக்கு. உலகுக்கே வெள்ளீயம் தந்த நிலம் இது. (நாம் பேச்சில் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஈப்போவில் வேறு பெயர் சொன்னால் யாருக்குப் புரியும்?) ஈப்போவை அடுத்த பெங்காலானில் 1931இல் ஓர் ஈயச் சுரங்கத்திலிருந்து புத்தரின் வெண்கலப் படிமம் வெளிவந்தது. இந்தியாவின் குப்தர் காலக் கலைச்சாயல் அதில் தெரிகிறது. தஞ்சோங் ரம்புத்தானிலும் ஒரு புத்தர் கிடைத்தார். சுங்கை சிப்புட்டில் நான்கு கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் கிடைத்தார். 1936இல் பீடோரில், ஆங்கிலோ ஓரியண்டல் ஈயச் சுரங்கத்தில், எட்டுக் கைகளுடன் கூடிய அவலோகிதேசுவரர் படிமம் எடுக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். கோலாலம்பூரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் அரும்பொருள்களுள் அது ஒன்று. மகாயான பௌத்தத்தில் கருணையே வடிவான போதிசத்துவர் இவர்.

இத்தனை படிமங்களும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் கிடைத்திருக்க, இங்கே கோயில் இருந்ததா, மடம் இருந்ததா என்று கேட்டால் விடை சொல்ல முடியவில்லை. காரணம் சுரங்க வேலையின் முறையிலேயே இருக்கிறது. நீரைப் பீரங்கிபோல் பீய்ச்சி மண்சுவரைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைக் குழாய்வழி மேலேற்றி, பாலோங் எனப்படும் நீண்ட சாய்வான மரத்தொட்டியில் ஓட விடுவார்கள். கனமான ஈயமணல் அடியில் தங்கும், மற்றவை வழிந்தோடும். ஆயிரம் ஆண்டு அடுக்கடுக்காகப் படிந்த மண் அரை நாளில் கூழாகிவிடும். படிமத்தோடு ஒரு செங்கல்லோ விளக்கோ பானையோ கிடந்திருந்தால் அதுவும் ஓடிப்போயிருக்கும். ஈயம் எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வரலாறு தேடி இறங்கியவர்கள் அல்லர். 2004இல் பல்கேரியாவில் ஒரு மேட்டைத் திறந்து 673 கிராம் எடையுள்ள பொன் முகமூடியை எடுத்தபோது, அது கல்லறைக்குள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதனால் அதை அணிந்தவன் உயர்குடிப் பிறந்தவன் என்று அறிய முடிந்தது. பீடோர்ப் படிமத்தை வணங்கியவர் யாரென்று அறிய நமக்கு வழியில்லை.

வெற்றிடம் இருந்தால் கதை வந்து புகுந்துகொள்ளும். மலாய் வரலாற்று இலக்கியமான செஜாரா மெலாயு, பேராக்கில் கங்கா நகரம் என்ற அரசு இருந்ததாகவும், சூரன் என்ற மன்னன் படையெடுத்து வந்து அதை வென்றதாகவும் கூறுகிறது. சூரனைச் சோழனாகவே கொள்வோர் நம்மிடையே பலர். முதலாம் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மீது கடற்படை அனுப்பியது உண்மை. ஆனால் அவன் வென்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் கங்கா நகரம் என்ற பெயர் இல்லை. கதையைக் கதையாகச் சுவைப்போம். கல்வெட்டோடு கலக்க வேண்டாம்.

1962இல் சுங்கை சிப்புட்டை அடுத்த ஜாலோங்கில் இன்னொரு வெண்கல உருவம் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, புத்தரன்று. முனிவர் ஒருவரின் தோற்றம் உடையது. அகத்தியராக இருக்கலாம் என்பர். தமிழ் முனிவர் பொதிகையிலிருந்து நேரே ஜாலோங்கிற்கு வந்துவிட்டார் என்று மகிழ்ந்துவிடத் தோன்றும். ஆனால் ஜாவாத் தீவில் அகத்தியர் வழிபாடு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 760ஆம் ஆண்டு டினோயோ கல்வெட்டு, அங்கே ஒரு மன்னன் அகத்தியருக்குக் கருங்கல்லில் படிமம் எடுத்ததைக் கூறுகிறது. ஆகவே ஜாலோங் முனிவர் ஜாவாவின் வழியாகவும் வந்திருக்கலாம். அதனால் நமக்குப் பெருமை குறைவில்லை. பயணம் நீண்டது, அவ்வளவே.

நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ரப்பர்க் கன்று நட வெட்டிய குழி ஆழமற்றது. இப்போது மண்வாரி இயந்திரம் இறங்கும் ஆழம் வேறு. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் என்று கருதத்தக்க எதைக் கண்டெடுத்தாலும் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். கண்டெடுப்பவர் பொருளைக் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லாமல், அது எந்த ஆழத்தில் கிடந்தது, சுற்றிலும் மண் என்ன நிறம், பக்கத்தில் ஓட்டுச்சில்லோ கரித்துண்டோ இருந்ததா என்பதையும் குறித்துச் சொன்னால், பீடோரிலும் பெங்காலானிலும் நீரோடு போன செய்தி அங்கே கிடைக்கும்.