சுரங்கத்து ஆபரணங்கள்

கதாநாயகியை வர்ணிக்கப் புகுந்தால் நம் பழைய புலவர்கள் கூந்தலில் ஆரம்பித்துப் பாதத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளியையும் அந்த முறையில் வர்ணிக்கலாம். தலையில் கெட்டித் தொப்பி. தொப்பியின் நெற்றியில் விளக்கு. அரையில் விளக்குக்கான பாட்டரி. அதன் பக்கத்தில் விஷப் புகைக்கு மாற்றாக ஒரு டப்பா. மறுபக்கம் தூசியை நிறுக்கும் ஒரு பெட்டி. மணப்பெண்ணுக்குப் பூட்டுவது போலப் பூட்டித்தான் பாதாளத்துக்கு அனுப்புகிறார்கள். மணப்பெண்ணின் நகைகளைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்கத் தோன்றுகிறது: போட்டிருப்பதெல்லாம் சரி, இவை யாருடையவை?

விளக்குதான் மூத்த நகை. ஆரம்பத்தில் அது கையில் தூக்கிச் செல்லும் நகையாக இருந்தது. 1812-ஆம் வருஷம் மே 25-ந் தேதி இங்கிலாந்தின் வடகிழக்கில் ஃபெல்லிங் என்ற சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறு பையன்கள். கரிப் பாறையிலிருந்து கசியும் வாயு, திறந்த சுடரைக் கண்டால் பற்றிக்கொள்ளும். சுடரில்லாமல் வேலையும் நடக்காது. இந்தச் சிக்கலுக்கு 1815-ல் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன அறிஞர் வழி கண்டார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை போட்டால், வலை சூட்டை வாங்கிக்கொள்ளும். நெருப்பு வெளியே தாவாது. அதே வருஷம் ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் என்ற சுரங்க யந்திரக்காரரும், பள்ளிக்கூடம் போகாமலே, ஒரு விளக்குச் செய்துவிட்டார். யார் முந்தி என்று இரு கட்சிக்காரர்களும் பல காலம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

டேவி தம் விளக்குக்குக் காப்புரிமை வாங்கவில்லை. உயிர் காக்கும் பொருளில் காசு பார்க்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பெரிய மனசுதான். ஆனால் 1835-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டி கணக்கெடுத்தபோது என்ன தெரிந்தது? டர்ஹாம், நார்தம்பர்லாந்து என்ற இரு ஜில்லாக்களில், விளக்கு வருவதற்கு முந்திய 18 வருஷங்களில் இறந்தவர்கள் 447 பேர். வந்த பிறகு 18 வருஷங்களில் 538 பேர்! வெட்டும் கரியின் அளவும் கூடியிருந்தது வாஸ்தவம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. வாயு மிகுதியால் ஆபத்து என்று ஒதுக்கி வைத்திருந்த சுரங்கங்களை, 'இப்போதுதான் விளக்கு இருக்கிறதே' என்று முதலாளிகள் திறந்துவிட்டார்கள். ஆளைக் காப்பதற்காக வந்த விளக்கு, முன்பு போகாத இடத்துக்கு ஆளை அனுப்ப அனுமதிச் சீட்டாகிவிட்டது.

நெற்றிக்கு மின்சார விளக்கு வந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. அமெரிக்காவில் 1912-ல் ஜெட் என்ற சுரங்கம் வெடித்து 80 பேருக்கு மேல் இறந்தபின், ஜான் ரயன், ஜார்ஜ் டைக் என்ற இரு சுரங்க எஞ்சினீயர்கள் எடிஸனிடம் போனார்கள். இடுப்பில் பாட்டரி, நெற்றியில் பல்பு என்று அவர் செய்து கொடுத்தார். கை இரண்டும் வேலைக்கு ஒழிந்தது. ஆனால் ஒரு குறை. டேவி விளக்கின் சுடர், வாயு சேர்ந்தால் தலையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு எச்சரிக்கும். பல்புக்கு அந்த நாசூக்குத் தெரியாது. விஷவாயுவுக்கு நடுவிலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே புது விளக்கு வந்த பிறகும், வாயுவைச் சோதிக்கக் கிழட்டு விளக்கு கூடவே போக வேண்டியிருந்தது.

விஷப் புகைக்கான டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீ விபத்தில் கிளம்பும் கார்பன் மோனாக்ஸைடை அது வேறு வாயுவாக மாற்றி மூச்சுக்குக் கொடுக்கும். ஸ்காட்லாந்தில் மைக்கேல் சுரங்கத்தில் 1967-ல் தீப்பிடித்து 9 பேர் இறந்த பிறகுதான் பிரிட்டனில் அது எல்லோருடைய இடுப்புக்கும் வந்தது. டப்பா முன்னரே இருந்தது. இடுப்புக்கு வரத்தான் ஒன்பது உயிர் தேவைப்பட்டது.

என் மனசை விட்டு அகலாத நகை, தூசிப் பெட்டி. வெடிப்பு ஒரே நாளில் கொல்கிறது, பத்திரிகையில் வருகிறது. தூசி இருபது வருஷம் எடுத்துக்கொள்கிறது. அது நுரையீரலைக் கறுப்பாக்கி, கல்லாக்கி, கடைசியில் மாடிப்படி ஏற முடியாத மனுஷனாக ஆக்கிவிடும். ஃபார்மிங்டன் என்ற அமெரிக்கச் சுரங்கத்தில் 1968 நவம்பரில் 78 பேர் இறந்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 தொழிலாளிகள், இந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வருஷக் கடைசியில் தேசம் முழுவதற்குமான சட்டம் வந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் தூசி முதலில் 3 மில்லிகிராம், பிறகு 2 மில்லிகிராம். அதற்கு மேல் கூடாது என்று அப்போது விதித்தார்கள்.

அளப்பதற்கு வெற்றிலைச் செல்லம் போல ஒரு சிறு பம்ப். தொழிலாளியின் இடுப்பில் தொங்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் காற்றை இழுத்து ஒரு வடிதட்டில் தூசியைப் படிய வைக்கும். தட்டை நிறுத்தால் அவன் எவ்வளவு தின்றான் என்று தெரிந்துவிடும். ஆனால், அதை மாட்டிவிடுவதும், கழற்றி எடுப்பதும், தபாலில் அனுப்புவதும் யார் பொறுப்பு? கம்பெனியின் பொறுப்பு!

பிறகு கேட்பானேன்? பெட்டிகள் நல்ல காற்று வரும் வழியில் போய்த் தொங்கின; சாப்பாட்டுத் தூக்குக்குள்ளும் போய் உட்கார்ந்தன. தொழிலாளியும் அதற்கு உடந்தை. அவனைத் திட்ட எனக்கு நா எழவில்லை. உண்மை எடை போனால் சுரங்கத்தை மூடுவார்கள். மூடினால் அடுப்பு எரியாது. தன் நுரையீரலுக்கு விரோதமாகத் தானே பொய்ச்சாட்சி சொல்லச் சம்மதித்தான்.

1991-ல் சர்க்கார், சுமார் 4,700 வடிதட்டுகளில் மோசடி என்று அறிவித்தது. கறுத்த தட்டுகளின் நடுவே மட்டும் வெள்ளையாக இருந்தது. யாரோ ஊதித் தள்ளியிருக்கிறார்கள் என்றது. வழக்கில் அதை நிரூபிக்க முடியவில்லை. பெரும்பாலும் தள்ளுபடி ஆயிற்று. 2018-ல் கெண்டகியில் ஒரு கம்பெனியின் முன்னாள் உத்தியோகஸ்தர்கள் எட்டுப் பேர் மீது, இந்தப் பெட்டிகளைத் தொழிலாளிகளிடமிருந்து கழற்றிச் சுத்தமான காற்றில் ஓடவிட்டதாக வழக்கு வந்தது.

இதற்கிடையில், 2016-ல், புதுப் பெட்டி கட்டாயமாகியிருந்தது. வீணைத் தந்தி கனத்தால் சுருதி இறங்கும் அல்லவா? அதே தத்துவம். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழலின் நுனியில் தூசி படியப் படிய நடுக்கம் மெதுவாகிறது. அதைக் கொண்டு எடை தெரிகிறது. தபாலும் வேண்டாம், தராசும் வேண்டாம். இடுப்பைக் குனிந்து பார்த்தால், அன்று எவ்வளவு தூசி என்று அவன் கண்ணுக்கே எண் தெரியும். இருநூறு வருஷத்தில், அணிந்தவனுக்கே உண்மையைச் சொன்ன நகை டேவியின் நீலச் சுடருக்குப் பிறகு இதுதான்.

ஆனால் நல்ல கரிப்படுகைகள் தீர்ந்துபோய், இப்போது மெல்லிய படுகைக்காகப் பாறையையும் சேர்த்து அறுக்கிறார்கள். பாறையில் இருப்பது சிலிக்கா. கரித் தூசியைவிடக் கொடியது. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த நம்மவர்களின் நெஞ்சை அரித்தது அந்தத் தூசிதான். மத்திய அப்பலாச்சிய மலைப் பிரதேசத்தில், 25 வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கறுப்பு நுரையீரல் என்று 2018-ல் வைத்தியர்கள் கண்டார்கள். சிலிக்காவுக்குத் தனி வரம்பு 2024-ல் வந்தது. 2025 ஏப்ரலில் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. புதுப் பெட்டிக்குக் கரியும் சிலிக்காவும் ஒன்றுதான். பிரித்துச் சொல்லத் தெரியாது. சிலிக்காவுக்கு மட்டும் பழையபடி வடிதட்டு சோதனைச்சாலைக்குப் போக வேண்டும். முடிவு வந்து சேரும்போது அவன் வேறொரு பாறையை அறுத்துக்கொண்டிருப்பான்.