கரியும் பசையும்

ஒலக்கூரில் ஆயா வீட்டுக் கூரை தீப்பிடித்தப்ப ஓலையெல்லாம் சாம்பலாச்சு. பனங்கைகள் மட்டும் நின்றன. ஆயா அரிவாளால் சுரண்டிக் காட்டியது: "மேலதான்டா கரி, உள்ள வைரம் அப்படியே கெடக்கு."

இதற்குக் கணக்கு உண்டு. பைன் போன்ற மென்மரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ. கரியாகும், அரை மணிக்கு 2 செ.மீ. அந்தக் கரிதான் உள்மரத்துக்குக் கவசம்.

பலகைகளை அடுக்கி ஒட்டிய உத்திரம் என்றால்? 1906இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியில் வைமார் நகரத் தச்சர் ஓட்டோ ஹெட்சர். பாலிலிருந்து எடுக்கும் கேசீன்தான் அவருடைய பசை. அது சூட்டில் இளகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஈரமும் தாங்கும் ரெசார்சினால் பசை வந்தது. அதுவும் தீயில் பிடியை விடவில்லை.

பின்னால் வந்த சில பாலியூரித்தேன் பசைகள் விட்டன. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய சுவர், தளங்களைச் சோதித்தபோது, கரியடுக்கு பெயர்ந்து விழுந்தது. கவசம் போனதும் பச்சை மரம் தீக்கு வாகாகக் கிடைத்தது. அடங்கப்போன தீ மறுபடி எழுந்தது. 2018இல் வட அமெரிக்கத் தரவிதி, இப்படி உதிராத பசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது.

ஆயா கரியைச் செதுக்கிவிட்டு அதே பனங்கைகளை மறுபடி ஏற்றியது. ஒட்டுமரத்தில் அந்த நம்பிக்கை, கண்ணுக்குத் தெரியாத பசைக்கோட்டில் இருக்கிறது.