நெருப்பு வைத்த தலைவன்

யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை மன்னார்த் தீவின் தோட்டவெளியை நெருங்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். 1544ஆம் ஆண்டின் அந்தக் கொலைக்குள் நுழையுமுன் ஒரு பழைய அச்சுப் படம். ‘முத்துக்குளிப்போர்’ என்ற ஒபேரா 1886 மார்ச் 20இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது வெளிவந்தது. அதன் கடைசிக் காட்சியைக் காட்டுவது. தலைவனுக்கும் குடிகளுக்கும் உள்ள கடன் அந்தக் காட்சியில்தான் முறிகிறது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிஸே இந்த ஒபேராவை இயற்றியபோது அவருக்கு வயது 24. பாரிசில் 1863 செப்டம்பர் 30இல் மேடையேறி, 18 தடவையோடு நின்றுபோனது. கதையை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக நினைத்தார்கள். பிறகு இலங்கைக் கரைக்கு மாற்றினார்கள். மாந்தர்களோ சுர்கா, நாதிர், லெய்லா! நம் கரையில் இப்படியொரு பெயரை யார் வைத்தார்கள்?

முத்துக்குளிப்பவர்கள் சுர்காவைத் தலைவனாகத் தெரிந்து, அவன் சொற்படி நடப்பதாக வாக்களிக்கிறார்கள். முக்காடிட்ட லெய்லா பாறைமேல் நின்று பாடிக் கடலில் இறங்கியவர்களைக் காக்க வேண்டும். அவளும் சுர்காவின் நண்பன் நாதிரும் காதலித்து அகப்படுகிறார்கள். சிதை அடுக்கியாயிற்று. அப்போது சுர்கா ஓடிவருகிறான்: குடியிருப்பு எரிகிறது, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்! சனம் சிதறி ஓட, இருவரையும் அவிழ்த்துவிடுகிறான். தீ வைத்தவனும் அவனே.

பாரிஸ்காரருக்கு இது நட்பின் தியாகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னார்க் கரையில், சிலாவத்துறையின் அந்நாளைய சலாபக் காலத்தை, அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தை, எண்ணிப் பாருங்கள். வெறும் மணலில் சில கிழமைகளுக்குள் கிடுகும் ஓலையுமாக ஒரு பட்டினமே எழும்பும். இரவு வெடி கேட்டதும் தோணிகள் கரைக்காற்றில் புறப்பட்டு விடியலில் முத்துப் பாரை அடையும். குளியாள் கல்லில் கால்வைத்து, மூக்கைப் பொத்தி இறங்குவான். கயிற்றைப் பிடித்திருப்பவன் கை அயர்ந்தால் அவன் உயிர் போச்சு. நண்பகல் வெடிக்குப் பின் கடற்காற்றில் திரும்புவார்கள். அப்படிப்பட்டவனின் குடிலில் நெருப்பு வைத்தவனை வீரன் என்பதா?

நம் கரையில் லெய்லாவின் வேலையைச் செய்தவர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள். ஆங்கில அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவ்வேலையில் இருந்த ஒருவர் கத்தோலிக்கர் என்று பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அதனால் அவர் மந்திரத்தில் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. முத்துக் கடலில் எந்த வேதக்காரன் என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிரோடு ஏறிவந்தால் போதும்.

சங்கிலியோ எந்த வேதம் என்றுதான் கேட்டான். போர்த்துக்கேயப் பறங்கியைக் கண்டு அவன் அஞ்சியதில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தை வேதம் மாறிய தன் குடிகள்மேல் வாளாக இறக்கியதில் இல்லை. சுர்காவாவது ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்க நேரம் கொடுத்தான். தோட்டவெளி வேதசாட்சிகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கொலைக்களத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)