தெருக்காப்பும் நகரச் செலவும்

முன்னுரை

நகரங்களைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் மதிலையும் மாடத்தையும் கூறியதோடு அமையவில்லை. தெருவையும் விரித்துப் பாடினர். மதுரைத் தெருக்களின் அகலத்தை மாங்குடி மருதனார் ஆற்றோடு ஒப்பிட்டார். இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் அந்நகரின் கடைவீதிகளைப் பொன், மணி, அறுவை, கூலம் என அவற்றில் விற்கப்படும் பொருள்வகையால் பிரித்துக் காட்டினார். தெரு, மறுகு, வீதி, ஆவணம் எனப் பெயர் பலவாக வழங்கியதும், தெரு என்பது தமிழர் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும்.

ஆயின் தெருவை அமைத்தபின் அதனைப் பேணியவர் யாவர், எப்பொருள் கொண்டு பேணினர் என்னும் வினாக்களுக்கு இலக்கியம் நேரே விடை கூறுவதில்லை. அவற்றிற்குக் கல்வெட்டுகளையும், பிற்காலத்துச் சட்டங்களையும் நாடவேண்டியிருக்கிறது. ஒரு பொதுப்பணி, அதனைப் பேணுதற்குரிய பொருளும் ஒதுக்கப்பட்ட பின்னரே நிறைவுறும் என்னும் கருத்து தமிழகத்து அறக்கட்டளைகளில் தெளிவாக இருந்தது. நகராட்சிச் சட்டத்தின் தொடக்கத்திலும் பேணுதலே முன்னின்றது. இன்றைய நகரச் செலவிலோ ஆக்கமும் காப்பும் வெவ்வேறாகப் பிரிந்துவிட்டன. இம்மூன்றையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பு என்னும் கருத்து

ஆக்கிய பொருள் ஒரு நாள் பழுதுறும் என்பதை முன்னரே எண்ணி அதற்கு வழி செய்துகொள்ளுதல் தமிழர்க்குப் பழைய வழக்கம். உப்பு வாணிகராகிய உமணர் மேடு பள்ளம் நிறைந்த வழிகளில் செல்லும்போது, வண்டியின் அச்சு முறிந்தால் உதவுதற்கென வேறோர் அச்சினையும் கீழே கட்டிச் செல்வர். இதற்குச் சேம அச்சு என்பது பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு ஔவையார் இச்சேம அச்சினையே உவமையாக்கினார் (புறநானூறு, 102). புலவர் கண்ணில் அரசன் மகன் ஒரு சேம அச்சாகத் தோன்றுகின்றான் எனில், அக்காலத்து மக்கள் அப்பொருளை எத்துணை மதித்தனர் என்பது விளங்கும்.

இக்கருத்து சோழர் காலக் கல்வெட்டுகளில் கணக்கு முறையாகவே வளர்ந்துள்ளது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்து அமைவதில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளையும் கொடுப்பர். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து தரக் கடமைப்பட்டனர். இவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுகள் வழங்கும். ஆடு சாகும், மூக்கும். ஆயினும் மந்தையின் எண்ணிக்கை குறைதல் கூடாது என்பதே இத்தொடரின் பொருள். இன்றைய பொருளியலார் குறையா முதல் எனக் கூறுவதை அன்றைய ஊரார் ஆட்டின்மேல் ஏற்றிக் கூறினர்.

ஏரிகளுக்கும் இம்முறையே வழங்கியது. பல்லவர் காலம் தொட்டே ஏரியைப் பேணுதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப் பெயர் பெற்றது. பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஏரியின் வண்டலை வாரிக் கரைக்கு இடச் செய்த கட்டளைகளும் உள. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கி. பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றைக் கூறுகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்னும் விதி அவற்றில் உண்டு. பேணும் பணியும் கணக்கும் பிரிக்கப்படாமல் இருந்தன என்பது இதனால் போதரும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். விளக்கும் ஏரியும் தெரு ஆகா. மேற்கூறிய இரு கல்வெட்டுகளிலும் தெருவுக்கெனத் தனி வாரியம் கூறப்படவில்லை. இத்தடை பொருந்துவதே. சோழர் காலத் தெருக்கள் யாவும் செம்மையாகப் பேணப்பட்டன என்று நாம் கூற வரவில்லை. கொடை என்பது பொருளை ஆக்குவதோடு முடிவதன்று, காப்பையும் உட்கொண்டது என்னும் முறை அன்று வழக்கில் இருந்தது என்பதே நாம் கொள்ளும் முடிவு.

வழி யாவர்க்கும் உரியதோ?

தெருவைப் பேணுதல் எனின் யாருக்காகப் பேணுதல் என்னும் வினாவும் உடனெழும். இதற்குத் தகடூர் நாட்டில் கிடைத்த ஒரு கல் நல்ல சான்றாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்பதை எழுத்தில் கூறுகிறது. அதனோடு இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பெருங்குழி ஒன்று பத்தினையும், சிறுகுழி ஒன்று ஒன்றினையும் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கனும் தொலைவை அறியவேண்டும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது. வழிப்போக்கருள் குறைந்த வாய்ப்புடையவனை முன்வைத்து வழியை அமைத்தல் என்னும் நெறிக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. முதல் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்தோறும் இறையிலி நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்பவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவற்றையும் தனித்தனியே எண்ணுகின்றன. வாழிடம் பிரிந்திருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் தெருவில் நடக்கும் உரிமையே ஒரு பகுதி மக்களுக்கு மறுக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்காக ஓர் அறப்போர் தொடங்க வேண்டியிருந்தது, பெரியார் ஈ. வெ. இராமசாமி அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவ்வாண்டிலேயே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுத்தெருவும் பொதுக்கிணறும் பொதுக்குளமும் எல்லா மக்களும் பயன்கொள்ளுதற்குரியன என்பதை வலியுறுத்தி நிறைவேறிற்று.

ஒரு நூற்றாண்டுக்கு முன் தெருவில் நடக்கும் உரிமை இத்துணைப் போராட்டத்தின்பின் பெறப்பட்டது. உரிமை ஏட்டில் இருந்து, நடைபாதை இடிந்து கிடப்பின், முதியவர்க்கும் பார்வையற்றவர்க்கும் சக்கர நாற்காலியில் செல்வோர்க்கும் அவ்வுரிமை பயன்படுமாறு இல்லை. அன்று தடுத்தது வழக்கம். இன்று தடுப்பது பள்ளம். தடை வேறாயினும் தெருவை இழப்பவர் எளியவரே என்பதில் வேற்றுமை இல்லை.

சென்னை நகராட்சியின் வரலாறு

சென்னை நகராண்மைக் கழகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1687ஆம் ஆண்டுப் பட்டயத்தால் நிறுவப்பெற்று 1688 செப்டம்பர் 29ஆம் நாள் தொடங்கிற்று. நகர மன்றம், சிறை, பள்ளி முதலிய கட்டடங்களுக்காக வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் புது வரிகளைக் குடிகள் விரும்பி ஏற்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தைச் சூழ மதில் எழுந்தது. அதன் செலவுக்காகக் குடிகள்மேல் ஒரு வரி விதிக்கக் கருதினர், அவ்வரி தண்டப்படவில்லை. மதிலும் ஒரு சிறு பகுதி நீங்கலாக மறைந்துவிட்டது. வால்டாக்சு சாலை என்னும் பெயர் மட்டும் இன்றும் மக்கள் நாவில் வழங்குகிறது. ஒரு வரி தன் பெயரை ஒரு சாலைக்கு ஈந்து மறைந்த இச்செய்தி இடப்பெயராய்வாளர் கருதத்தக்கது.

நகர வரிக்கு நிலையான சட்ட அடிப்படை 1793ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால் அமைந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய பேரூர்களில் அமைதி நீதிபதிகளை அமர்த்தவும், வீட்டின்மேலும் நிலத்தின்மேலும் வரி தண்டவும் அச்சட்டம் இடந்தந்தது. வரியின் பயனாக அது குறித்தவை மூன்று: தெருவைத் துப்புரவு செய்தல், காவல், தெருவைப் பழுதுபார்த்தல். புது மாளிகையோ புதுச் சாலையோ அங்குக் கூறப்படவில்லை. இது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. வீட்டு வரி என்பது தெருவைப் பேணுதற்கே பிறந்தது. ஏனைய செலவுகள் பின்னர் வந்து சேர்ந்தவை. எனவே தெருக்காப்பினை நகரச் செலவில் முதலில் வைக்கவேண்டும் என்பது புதுக்கோரிக்கை அன்று. வரியின் பழைய நோக்கத்தை நினைவூட்டுதலேயாம்.

இற்றை நிலை

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை நகராட்சிகளுக்கு உரியனவாகக் காட்டிற்று. சாலை, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் என்பன அவற்றுள் அடங்கும். பணிகள் பெருகின, பொருள் அந்த அளவிற்குப் பெருகவில்லை. புதுப்பணிக்குக் கடனும் மானியமும் மேலிருந்து வருதல் எளிது. பழுது பார்த்தற்குரிய செலவோ பெரும்பாலும் நகராட்சியின் சொந்த வருவாயிலிருந்தே வரவேண்டியுளது. ஆதலின் பற்றாக்குறை நேரும்போது முதலில் குறைக்கப்படுவது காப்புச் செலவே. பழுதுபார்த்தலுக்குத் திறப்பு விழா இல்லை என்பதும் ஒரு காரணம். அக்காலக் கல்வெட்டு விளக்கு எரிதற்குரிய ஆட்டையும் எண்ணிப் பொறித்தது. இக்காலக் கல்வெட்டு திறந்தவர் பெயரைப் பொறிப்பதோடு நின்றுவிடுகிறது.

பொருளின்மை என்பது முற்றிலும் ஏற்கத்தக்க விடையன்று எனச் சட்டமும் கூறிவிட்டது. மத்தியப் பிரதேசத்து இரத்லம் நகரில் ஒரு தெருவில் வாழ்ந்தோர் திறந்த சாக்கடையால் உற்ற இன்னலைக் கூறி வழக்காடினர். தன்னிடம் பொருள் இல்லை என நகராட்சி விடை கூறியது. 1980ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விடையை மறுத்து, மக்கள் நலத்திற்கு அடிப்படையான கடமையினின்று நகராட்சி இவ்வாறு தப்பவியலாது எனத் தீர்ப்பளித்தது.

சென்னையும் இந்நெறியை ஏட்டளவில் ஏற்றுக்கொண்டது. 2014ஆம் ஆண்டு மாநகராட்சி வகுத்த கொள்கை, போக்குவரத்துச் செலவில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கினை நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய வசதிகளை அமைத்தற்கும் பேணுதற்கும் ஒதுக்கவேண்டும் என்றது. அமைத்தல் என்பதோடு பேணுதல் என்பதும் சேர்ந்திருத்தல் போற்றத்தக்கது. 2019ஆம் ஆண்டில் தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் நடப்போர்க்கு அகன்ற பாதை அமைந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் 2016ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. நடைபாதையில் தடையின்றி நடத்தற்கு 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படல் ஆகாது என்னும் அளவுகளையும் இந்தியச் சாலைப் பேராயம் 2012ஆம் ஆண்டிலேயே வகுத்துள்ளது. எனவே கொள்கையும் சட்டமும் அளவும் நம்மிடம் உள. குறையாக நிற்பது ஆண்டுதோறும் செலவிடத்தக்க குறையா முதலே.

வளரும் நகருக்குப் பாலங்களும் புதுச் சாலைகளும் வேண்டாவோ எனின், வேண்டும். ஆயின் புதுப்பணி ஒவ்வொன்றும் பிற்காலக் காப்புச் செலவை உடன்கொண்டே பிறக்கிறது. அச்செலவை எண்ணாது ஆக்கப்படும் பாலம், ஆடு வையாத விளக்கை ஒக்கும். எரியும் நாள்வரை எரிந்து அவியும். அதனைப் பின்னர்ச் சீர்செய்யும் பொருள், மூடியற்ற வடிகாலையும் சிதைந்த நடைபாதையையும் சீர்செய்தற்குரிய பொருளினின்றே எடுக்கப்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். நகரின் சொந்த வருவாயில் தெரு, வடிகால், விளக்கு ஆகியவற்றின் காப்பே முதற்செலவாக வைக்கப்படல் வேண்டும். 1793ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. புதுப்பணி எதுவும் அதன் காப்புக்குரிய பொருளைக் காட்டாது ஏற்கப்படல் ஆகாது. இஃது ஏரிப்பட்டியும் பேராடும் உணர்த்தும் முறை. தெரு செம்மையாக உளதா என்பதை அதில் விரையும் ஊர்தியைக் கொண்டு அளவிடாது, அதில் நடத்தற்கு மிகவும் இடர்ப்படுபவரைக் கொண்டே அளவிடல் வேண்டும். இது பெருவழிக் கல்லின் குழிகள் காட்டும் நெறி.

கல்வெட்டுகளில் உள்ள கட்டளை, வாரியம், பொலிசை பற்றிய செய்திகளை நாம் பெரும்பாலும் சமய வரலாற்றுக்கும் அரசியல் வரலாற்றுக்குமே பயன்படுத்தி வந்துள்ளோம். அவற்றைப் பொதுப்பணிக் காப்பின் வரலாறாகவும் தொகுத்து ஆராய்தல் வேண்டும். ஊர்தோறும் காப்புக்கென விடப்பட்ட நிலம், பொன், ஆடு ஆகியவற்றின் அட்டவணை ஒன்று தொகுக்கப்பெறுமாயின், நகரச் செலவைத் திட்டமிடுவோர்க்கும் அது பயன்படும். அத்தொகுப்புப் பணியை இளைய ஆய்வாளர் மேற்கொள்வாராக.