லூசியா விழா: சுவீடனில் ஒரு மரபு உருப்பெற்ற வரலாறு

முன்னுரை

டிசம்பர் 13 அன்று விடியுமுன் சுவீடனின் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் மருத்துவமனைகளிலும் லூசியா ஊர்வலம் நடைபெறும். வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்த பெண் ஒருத்தி மெழுகுவர்த்திகள் எரியும் முடியைத் தலையில் தாங்கி முன்னே வர, தோழியர் பாடியபடி பின்தொடர்வர். சுவீடிய மொழி பயில்வோர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் இவ்விழாவைத் தொன்மையானதாகவே பலரும் கருதுகின்றனர். சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், நாள்தான் பழையது. நாடு முழுவதும் இன்று காணும் வடிவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் அமைந்தது என்பது தெளிவாகும்.

நாட்காட்டியும் நீண்ட இரவும்

லூசியா சிசிலித் தீவின் சிரக்கூசா நகரைச் சேர்ந்தவர். 304ஆம் ஆண்டில் மறைசாட்சியாக உயிர்நீத்தார் என்பது திருச்சபை மரபு. 16ஆம் நூற்றாண்டில் சுவீடன் லுத்தரன் நெறியை ஏற்றுப் புனிதர் வணக்கத்தைக் கைவிட்டது. ஆயினும் அவரது நாள் மக்கள் வழக்கில் நீடித்தது. இதற்கு நாட்காட்டியே முக்கியக் காரணம். ஜூலியன் கணக்கில் 14ஆம் நூற்றாண்டளவில் ஆண்டின் மிக நீண்ட இரவு ஏறத்தாழ டிசம்பர் 13இல் அமைந்தது. 1753இல் சுவீடன் கிரிகோரியன் முறைக்கு மாறியபோது பிப்ரவரி 17க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று. நீண்ட இரவு டிசம்பர் 21ஐ ஒட்டி நிலைபெற்ற பின்னரும் அதைப் பற்றிய நம்பிக்கைகள் 13ஆம் தேதியிலேயே தங்கிவிட்டன.

அந்நம்பிக்கைகளில் அச்சமே மேலோங்கியிருந்தது. அவ்விரவில் கால்நடைகள் பேசும், 'லுஸ்ஸி' என்னும் தீய பெண்ணுரு அலையும் என்றனர். கதிரடிப்பும் கிறிஸ்துமஸுக்கான பன்றி அறுப்பும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். விடிவதற்குள் வயிறார உண்பதும் வழக்கம். ஒளி முடி சூடிய பெண்ணுக்கு இவற்றில் இடமில்லை.

மேற்குப் பகுதியின் மாளிகைகள்

வெள்ளுடை லூசியா பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, வேஸ்டர்யோத்லாந்து பகுதியின் ஹோர்ன் மாளிகையில் 1764இல் நடந்ததைக் கூறுவது. புனித நிக்கோலசுக்கு மாற்றாக வெள்ளுடை அணிந்த 'குழந்தை இயேசு' பரிசு தரும் ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் வழக்கமே இதன் மூலம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நீண்ட காலம் இது மேற்கு மாகாணங்களின் வசதி படைத்தோர் இல்லங்களில்தான் நிலவியது. அங்கிருந்து உப்சாலா, லுண்ட் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் சென்றவர்கள் தங்கள் மாகாண மாணவர் சங்கங்களில் இதைக் கொண்டாடியதால் பிற பகுதியினரும் அறிந்தனர்.

அருங்காட்சியகம், நாளிதழ், பாடல்

ஆர்த்தூர் ஹசேலியுஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அங்கு மீண்டும் எழுப்பினார். 1893இல் லூசியா விழாவும் அங்கு இடம்பெற்றது. ஒரு வட்டாரத்தின் மாளிகை வழக்கம் தலைநகர மக்கள் முன் தேசியப் பண்பாடாக நின்றது இவ்வாறுதான். 1927இல் 'ஸ்டாக்ஹோம்ஸ் தாக்ப்ளாத்' நாளிதழ் நகருக்கென லூசியாவைத் தேர்ந்தெடுத்தது. பிற ஊர்ப் பத்திரிகைகளும் இவ்வழியைப் பின்பற்ற, வாசகர் வாக்கெடுப்பும் அறக்கொடைத் திரட்டலும் விழாவோடு சேர்ந்தன.

பாடலும் வெளியிலிருந்து வந்ததே. தியோடோரோ கொட்ராவ் 1849இல் வெளியிட்ட நேப்பிள்ஸ் படகுப் பாட்டின் மெட்டுக்கு ஆர்விட் ரோசேன் 1928இல் எழுதிய சுவீடியச் சொற்கள் பரவலாயின; நேப்பிள்ஸ் கடற்கரை இருந்த இடத்தில் வடபுலத்து இருள் அமர்ந்தது. கூம்புத் தொப்பி அணிந்த 'நட்சத்திரச் சிறுவர்கள்' பள்ளி மாணவர் வீடு வீடாகச் சென்று பாடிய வேறொரு மரபிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். காப்பியும், உலர்திராட்சை பதித்துச் சுருட்டிச் சுட்ட குங்குமப்பூ ரொட்டியான 'லுஸ்ஸேகத்'தும் விருந்தாயின. முடியிலிருந்து உருகும் மெழுகு கூந்தலில் படாதிருக்க அடியில் ஈரத்துணி வைப்பதுண்டு. இன்று சிறுமியர் பலர் மின்கலத்தில் எரியும் முடியையே சூடுகின்றனர்.

முடிவுரை

நாள், உடை, பாடல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயதும் பிறப்பிடமும் உள்ளன. அவற்றை ஒன்றிணைத்த நிறுவனங்கள் குடியானவர்களின் அச்ச இரவை ஒதுக்கி, மாளிகையின் ஒளிமகளைத் தேர்ந்தன. நகரின் பள்ளி அரங்கிலும் செய்தித்தாள் பக்கத்திலும் எளிதாகப் பொருந்தியவள் அவளே. லூசியா விழாவைத் தொல்வழக்கின் எச்சமாகக் காண்பதைவிட, நவீன சுவீடன் தனக்கெனத் தேர்ந்துகொண்ட கடந்த காலமாகக் காண்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.