கொல்கத்தாப் பெண் தொழிலாளர்கள்: மார்க்சியப் பெண்ணிய நோக்கு

பெண்ணடிமையையும் முதலாளித்துவச் சுரண்டலையும் சேர்த்து ஆராயும் சிந்தனை மரபு மார்க்சியப் பெண்ணியம். தொழிலாளி மறுநாளும் வேலைக்குப் போக வேண்டுமானால் வீட்டில் ஒருவர் சோறாக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும். கூலியில்லாத இந்த உழைப்பைத் தாங்கித்தான் கூலியுழைப்பு நடக்கிறது என்கிறது இம்மரபு. எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தைச் சொத்துடைமையோடு இணைத்து எழுதினார். 1972இல் மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்சும் வீட்டுவேலையை விவாதத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தனர். இக்கருத்துக்குக் கொல்கத்தாவின் தொழில் வரலாறு வலுவான சான்று.

சணல் ஆலைகள்

ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். சாக்கு தைப்பது அவர்களுடைய முக்கிய வேலை. தைத்த சாக்குகளை எண்ணிக் கூலி கொடுத்தார்கள். கூடுதல் கூலி கிடைத்த தறிவேலை ஆண்களிடம் இருந்தது.

பெண்ணின் சம்பாத்தியம் குடும்பத்துக்கு வெறும் உபவருமானம் என்ற எண்ணமே அவளுக்குக் குறைந்த கூலி கொடுக்கவும், நெருக்கடி வந்தால் முதலில் வெளியேற்றவும் நியாயமாயிற்று. இதை வரலாற்றாய்வாளர் சமிதா சென் வங்காளச் சணல் தொழில் பற்றிய தம் நூலில் (1999) விரிவாக ஆராய்ந்துள்ளார். 1939இல் வங்காளப் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. இத்தகைய பாதுகாப்புகளுக்கு ஆகும் செலவும் நிர்வாகங்கள் பெண்களைத் தவிர்க்க ஒரு காரணமாயிற்று. 1970களில் ஆலைகளில் பெண்கள் மிகச் சிலரே எஞ்சினர்.

போராட்டங்கள்

1920களில் சந்தோஷ்குமாரி தேவி சணல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். பிரபாவதி தாஸ்குப்தா 1928இல் கல்கத்தா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும், 1929இல் சணல் ஆலைப் பொது வேலைநிறுத்தத்திலும் முன்னணியில் நின்றார். தலைமையில் பெண்கள் இருந்தபோதும், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்குக் காத்திருந்த அடுப்படி வேலை தொழிற்சங்கக் கோரிக்கையாகவில்லை.

வீட்டுப் பணியாளர்கள்

ஆலைக்கு வெளியே சிதறிக்கிடந்த பெண்ணுழைப்பை நிர்மலா பானர்ஜி கல்கத்தாவின் அமைப்புசாராப் பெண் தொழிலாளர் பற்றிய நூலில் (1985) பதிவு செய்தார். இன்று அவ்வுழைப்பின் ஒரு பெரும்பகுதி வீட்டுவேலை. கானிங், சோனார்பூர் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியற்காலை உள்ளூர் ரயிலில் நகருக்கு வருகிறார்கள். தம் வீட்டில் சமைத்துவைத்துவிட்டு வந்து, நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, சமைக்கிறார்கள். பல வீடுகளில் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூட அனுமதி கிடைப்பதில்லை. நடுத்தர வர்க்கப் பெண் அலுவலகம் போவதற்கு இவர்கள் உழைப்பே வழிவிடுகிறது. ஆண் பங்கெடுக்காத வேலை, வர்க்கத்தில் கீழே உள்ள இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாறுகிறது.

இவர்களுடைய அமைப்பான பஸ்சிம் பங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. குறைந்தபட்சக் கூலியும் விடுப்பும் அதன் முதன்மைக் கோரிக்கைகள்.

சட்டநிலை

வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) இந்தியாவால் இன்னும் ஏற்புறுதி செய்யப்படவில்லை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றது. கூலி, விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றிலும் அந்த ஏற்பு வர வேண்டும் என்பதே சமிதியின் போராட்டத்துக்கும் மார்க்சியப் பெண்ணியத்துக்கும் பொதுவான நியாயம்.