பாட்டி பேசிய சொற்கள்



முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ராசா என்றால் நமக்கு அரசன். மலாய்க்காரருக்கோ 'ராசா' என்றால் சுவை. அந்தச் சொல்லும் நாம் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் ரசமும் வடமொழியில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தினமும் வாயில் புரளும் சொல்லுக்குள் எவ்வளவு சங்கதி பாருங்கள்!

வரலாறு என்றதும் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதைச் சொல்கிறோம். நம் தாத்தாவும் பாட்டியும் பால்வாளி தூக்கியதும் வரலாறுதான். தோட்டத்து ஏடுகளில் ஆள் கணக்கும் பால் கணக்கும் இருக்கும். அவர்கள் மனம் இராது. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற ஏடு, அவர்கள் பேசிய சாதாரணச் சொற்களே.

1877ல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் எங்கும் தோட்டங்கள் பெருகின. ஆள் பிடித்து வரத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனவர் கங்காணி. கண்காணிப்பவர் கங்காணி, சொல் நல்ல தமிழ்தான். 1938ல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடுத்தது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

விடியுமுன் பெயர் கூப்பிடும் இடம் பெரட்டு. அது ஆங்கிலேயரின் 'பரேட்'. பெயர் எழுதும் கிராணிக்கும் நம் கிராமத்துக் கர்ணத்துக்கும் வேர்ச்சொல் ஒன்றே. மண்டோர், போர்த்துக்கீசியர் கொடுத்து மலாய் வழியாக வந்தவர். கித்தா, மரத்துப் பாலுக்கு மலாய்க்காரர் சொல்லும் 'கெத்தா'. தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் வாளி தொங்கவிட்டால் அது காண்டா. நாசி கண்டார் விற்றவர் சோறு சுமந்ததும் அப்படித்தான். லயம் ஆங்கிலம், சடக்கு இந்துஸ்தானி. பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டி, ஒரே காலைப் பொழுதில் ஐந்தாறு மொழிகளைத் தமிழாக்கிப் பேசியிருக்கிறார்!

நாம் கடன் வாங்கியது மட்டுமா? கடை, பெட்டி, கட்டில், கப்பல் எல்லாம் நம் வணிகர் காலத்திலேயே மலாய்க்குப் போய்விட்டன.

இவற்றில் என் மனத்தைத் தொடும் சொல் 'பசியாறல்'. குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மரம் வெட்டிய பிறகுதான் வயிற்றுக்கு ஏதாவது. "பசியாறிட்டியா?" என்று கேட்டது வெறும் உபசாரம் அல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன நம்மவரில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்த நாளில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்!

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவி கட்டுரையில், 'பாட்டி சடக்கோரம் நின்றார்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வெட்டி, 'சாலையோரம்' என்று திருத்தினேன். "பாட்டி அப்படித்தான் சார் சொல்வாங்க" என்றாள். "அது தோட்டத்துப் பேச்சும்மா" என்றேன். அவள் தலை குனிந்துகொண்டாள். திருத்தப்பட வேண்டியவன் நான்தான் என்று பிறகே புரிந்தது. தேர்வுக்குச் செந்தமிழ் வேண்டும், சரி. அதற்காகப் பாட்டியின் பேச்சு மட்டமாகிவிடுமா?

ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிந்தன, நம்மவர் தாமான்களுக்குக் குடிபோனார்கள். பொருள் போனால் சொல்லும் பின்னாலேயே போய்விடும்.

ஆகவே மாணவர்களே, இன்று பரிசு வாங்கிய கையோடு ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை, சொன்னபடியே எழுதுங்கள். முதலில், "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

வாழ்க தமிழ்!